பலகை

மல்லாவி ஆஸ்பத்திரி, வியாழக்கிழமை,
இலக்கம் பதினாறு.
தயாபரன் இருக்கவில்லை. கதிரை கூடாதாம்.
இடுப்பில் பெல்ட். கையில் உரப்பை.
உரப்பைக்குள் மூன்று எக்ஸ்றே,
பிள்ளையைப் போலத் துவாயில் சுற்றி.

"நாரி தேஞ்சு போச்சுதாம் மிஸ்."
ஆர் சொன்னது?
"வவுனியாவில ஒரு டொக்டர்.
படத்தைப் பாத்துக்கொண்டு சொன்னவர்.
என்னைப் பாக்கேல்லை."

அந்த ஒரு சொல்லோடு
ஆறு வருசம் குனியாமல் இருக்கிறார்.
செருப்பு வாரைச் சுகிர்தமலர் பூட்டிவிடுகிறார்.
படுப்பது பலகையில்.
மகள் ஓடிவரும் சத்தம் கேட்டால்
முதலில் சுவரைப் பிடித்துக்கொள்வாராம்.

எனக்கும் இதில் பங்குண்டு.
இரண்டு வருசம் என் மேசையில்
ஒரு பிளாஸ்ரிக் முள்ளந்தண்டு நின்றது.
அழுத்தினால் சிவப்பாய் றப்பர் பிதுங்கும்.
விளங்கப்படுத்துகிறேன் என்று
பிதுக்கிப் பிதுக்கிக் காட்டினேன்.
வந்தவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனது
அந்தச் சிவப்பை மட்டும்தான்.
இப்போது அது அலுமாரிக்குள்,
பஞ்சுப் பொதிகளுக்குப் பின்னால்.

படங்களை யன்னல் கண்ணாடியில் ஒட்டினேன்.
நோவில்லாத என் நாரியைப் பிடித்தாலும்
இப்படித்தான் கொஞ்சம் தேய்ந்திருக்கும் என்றேன்.
அவர் பார்த்தது ஓரத்தில் இருந்த
அரிசியளவு வெள்ளைப் புள்ளியை.
செல் துண்டு.
"நகருதோ?"
அடிமட்டத்தை அவரிடமே கொடுத்தேன்.
அளந்தார். திரும்ப அளந்தார்.
மூன்றிலும் ஒரே இடம்.

"துண்டு இருக்கு. நோவும் உண்மை.
ஆனா நோகிற நேரமெல்லாம்
உள்ளுக்கு ஏதோ உடையுது எண்டில்லை.
உங்கட உடம்பு பயந்து பழகிப்போச்சு."
முகத்தில் ஒரு அசைவும் இல்லை.
விசிறி சுற்றியது.

"நான் மிதிவெடி எடுத்தனான், தெரியுமோ?
முகமாலையில, நாலு வருசம், முழங்காலில.
ஒரு காணி முழுக்கத் துப்பரவாக்கினம்.
பலகையைக் கழட்ட மறந்துபோனம்,
மண்டையோடு கீறின சிவப்புப் பலகை.
இரண்டு மாரி, சனம் கால் வைக்கேல்லை.
ஒரு மாடு மட்டும் போய் மேஞ்சுது."

கொடுக்க எடுத்த துண்டுப்பிரசுரத்தை
லாச்சிக்குள் திரும்பத் தள்ளினேன்.

பெல்ட்டின் ஒட்டைப் பிய்த்தார், அந்தப் பெரிய சத்தம்.
குனிந்தார்.
விரல்கள் முழங்காலுக்குக் கீழே
நாலு அங்குலம் போய் நின்றன.
கழுத்தெல்லாம் வியர்வை.
"நோகுது."
ஓம்.
"நோகுது, ஆனா..."
மிச்சத்தைச் சொல்லவில்லை.

நாலாம் கிழமை பிந்தி வந்தார்.
கச்சான் பிடுங்கினதாம்.
சைக்கிள் கரியரில் மூட்டை,
மூட்டையைச் சுற்றி அந்த பெல்ட்.
"இரவில இன்னும் பலகைதான் மிஸ்,
மெத்தையை நம்புறாரில்லை"
என்று சுகிர்தமலர் முறையிட்டார்.
சரி.
அந்த மாடும் முதல் நாள்
கரையில்தான் மேய்ந்திருக்கும்.

அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டேன்.
வாசலில் ஒரு பெண்
படத்தை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தபடி,
படி தெரியாமல் வருகிறார்.