மிச்சம்

ஓலொமோட்ஸ் மருத்துவமனையிலிருந்து
வெந்தெலீன் அனுப்பிய படத்தில்
இரண்டு முழங்கால்கள்.
ஒன்று, எக்ஸ்ரே மேசையில் படுத்திருந்தவருடையது.
மற்றது அதன் அடியில், சாம்பலாய்,
அன்று காலை வந்துபோன யாருடையதோ.
"ஒரு நொடிதான் தெரிந்தது.
பேய் என்று சொல்லிவிடாதீர்கள்"
என்று எழுதியிருந்தான்.

பேய் இல்லை.
ப்ர்னோவில் ஜனவரி இரவு.
அலுவலகத்தில் நானும் வெப்பக்குழாயின் இருமலும்.
வரைகலை அட்டையிடம்
வெற்றுத்தாள் ஒன்று கொடு என்று கேட்கும்
பதினான்கு வரி நிரல் எழுதினேன்.
கொடுத்தது.
தாளில் எழுத்து இருந்தது:
மத்தியானம் தம்பிக்கு நான் எழுதி
சேமிக்காமல் மூடிவிட்ட கடிதம்,
குறுக்கே கிழிந்து, பட்டை பட்டையாக,
'அம்மாவின் வீட்டை விற்பதில்' என்பது வரை.

கழுவாத தட்டில்
அடுத்தவருக்குப் பரிமாறிக்கொண்டிருக்கிறது டிரைவர்.
கேட்பவர் எவரானாலும்
முந்தியவரின் எச்சில்.
கடவுச்சொல், காதலியின் முகம், முழங்கால்,
அதற்கு எல்லாம் நிறப்புள்ளிதான்.

எவன் செய்த வேலை இது என்று
பழைய பதிவுகளைப் புரட்டினேன்.
ஒன்பது வருடம் பின்னால்
என் பெயர்.
கொடுக்குமுன் துடை என்று இருந்ததை
நான்தான் நீக்கியிருக்கிறேன்.
சட்டகத்துக்கு அரை மில்லி விநாடி மிச்சம்.
விளையாட்டுக்காரர்கள் கொண்டாடினார்கள்,
ஓல்ட்ரிஹ் கசகசா கேக் வாங்கிவந்தான்.
மிச்சம் பிடித்ததாகத்தான் நினைத்தேன்.
மிச்சம் வைத்திருக்கிறேன்.

திருத்தம் எல்லோருக்கும் போய்ச் சேரும்வரை
வாய் திறக்கக் கூடாது. அறுபது நாள்.
சரியான விதிதான்.
தாழ்ப்பாள் இல்லை என்று ஊருக்குச் சொல்லிவிட்டா
தாழ்ப்பாள் வாங்கக் கிளம்புவார்கள்?
ஆனாலும் டிராமில்
எதிர் இருக்கைப் பெண்
கையுறையைப் பல்லால் கழற்றி
மடிக்கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கிறாள்,
ஒவ்வோர் எண்ணாய்த் தட்டுகிறாள்.
நான் ஜன்னலில் பனியைப் பார்த்தேன்.
என் நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்பே
இறங்கி நடந்தேன்.

திருத்தம் ஒரே வரி.
எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.
வைக்குமுன், இதை யாரிடமும் சொன்னதில்லை,
இன்னும் ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன்,
கடிதத்தின் கீழ்ப்பாதி கிடைக்குமா என்று.
கிடைத்தது
கால்குலேட்டரின் ஒரு மூலையும்
வானிலையும்: மைனஸ் ஒன்பது.

அறுபத்தொன்றாம் நாள் அறிவித்தார்கள்.
ஓட்டைக்கு ஓர் எண்,
தீவிரம்: நடுத்தரம்.
முதலில் எழுதியவர் ஒரு விளையாட்டுக்காரர்.
"என் அரை மில்லி விநாடியைக் காணோம்,
யார் எடுத்தது?"
நான், என்று பதில் போட்டேன்.

இப்போது தாள் கேட்டால்
கறுப்பு வருகிறது,
சுத்தமான, ஒன்றும் அறியாத கறுப்பு.
வெந்தெலீனுக்கு நன்றி எழுதினேன்.
எண்ணைப் பற்றியோ
திருத்தத்தைப் பற்றியோ அவன் கேட்கவில்லை.
அடியில் தெரிந்த அந்த முழங்கால்
யாருடையது என்று கண்டுபிடிக்க முடியுமா?
அதில் மயிரிழையாய் ஒரு விரிசல் இருந்தது.
காலையில் பார்த்தவர்கள்
கவனித்தார்களா தெரியவில்லை.