பத்து நிமிட ஈரம்

முதலில் நிரஞ்சலா.
கலியாண வீட்டு ஐஸ்கிறீமோ
காலிமுகத்திடலில் தின்ற இறால் வடையோ,
இரவு பதினொன்றுக்குச் சத்தி எடுத்தாள்.
அடுத்த இரவுக்குள் கட்டிலுக்குக் கட்டில் தாவி
ஹம்டன் ஒழுங்கை போர்டிங்கின் மேல்மாடியில்
ஏழு பேரில் ஆறு பேர் விழுந்தோம்.
ஒரே கக்கூஸ். ஒரே வாளி.
ஒரே கதவுப்பிடி.

சானிடைசர் மட்டும் ஆளுக்கொரு போத்தல்,
கொரோனா விட்டுப்போன பழக்கம்.
மணக்க மணக்கத் தேய்த்தோம்.
இவனுக்கு அது பன்னீர்.

ஆய்வுகூடத்தில் பதினாறு வருசம், எனக்குத் தெரியும்.
கொழுப்புச் சட்டை போட்டு வருகிற கிருமி
சவுக்காரத்துக்கும் ஸ்பிரிட்டுக்கும் கிழிந்துபோகும்.
சட்டை போனால் ஆளும் போச்சு.
இவன் வெறும் மேனி.
இருபது முகத்தில் ஒரு புரத ஓடு,
உள்ளே சுருட்டிய நூல்.
கழற்ற ஒன்றுமில்லாதவனிடம்
எதைப் பறித்து மிரட்டுவது?
சவுக்காரம் இவனைக் கொல்லாது, வழுக்கத்தான் விடும்.
மிச்சத்தைக் குழாய் இழுத்துப்போக வேண்டும்.
வெள்ளவத்தையில் அன்று தண்ணீர் வெட்டு.

கக்கூஸ் சுவரில் தலை சாய்த்து
எனக்குள் நடப்பதைக் கணக்கிட்டேன்.
குடலில் ஒவ்வொரு கலத்தின் வாசலிலும்
சீனிச் சரம் தொங்குகிறது.
அதைத்தான் பிடிக்கிறான்.
யாரோ விருந்தாளி என்று
கலமே மடித்து உள்ளே எடுக்கிறது.
ஓடு நெகிழ, நூல் அவிழும்.
அதில் ஒரே கட்டளை: என்னைச் செய்.
கலமும் செய்கிறது, தன் வேலையைப் போட்டுவிட்டு,
இரவு முழுக்க, சம்பளமில்லாத ஓவர்டைம்.
கடைசியில் அது சாக
வெளியே கோடி.
அடுத்த ஆளை விழுத்தப் பத்திருபது போதும்.

ஏழாவது ஆள் றிஸ்மினா.
மூதூர்க்காரி, பம்பலப்பிட்டியில் மூக்குக்கண்ணாடிக் கடை.
அவளுக்கு ஒன்றுமே ஆகவில்லை.
பின்வளவுக் கிணற்றிலிருந்து வாளி வாளியாய் மாடியேற்றினாள்.
ஜீவனி கரைத்து ஆறு கோப்பை வைத்தாள்.
என் பாவாடையைக்கூட அலசினாள்.
நான் கேட்டேன்:
"நீ மட்டும் எப்படித் தப்பினனி?"

கேட்ட பிறகுதான் தொனி காதில் விழுந்தது.
தொண்ணூற்றெட்டில், தெமட்டகொடைச் சாவடியில்,
என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன்
பேசியதும் இதே தொனி.
அட்டையில் பிழையில்லை.
அதுதான் அவனுக்குப் பிழை.

"எனக்கென்னெண்டு தெரியும் அக்கா" என்றாள்.
எனக்குத் தெரியும்.
ஐந்தில் ஒருவருக்கு
அந்தச் சீனிச் சரம் பிறவியிலேயே இல்லை.
கிருமி வரும், தடவும்,
பிடி கிடைக்காமல் வழியோடு போகும்.
பெரும்பாலும் அதுவாய்த்தான் இருக்கும்.
சொல்லியிருக்கலாம்.
"ம்" என்றேன்.

நாலாம் நாள் கால் ஊன்றியது.
குளோரின் ஒரு பங்கு, தண்ணீர் நாற்பத்தொன்பது.
யன்னலைத் திறந்து,
வேறெந்தப் போத்தலும் கலக்காமல்,
நிலம், குழாய்த் திருகு, சுவிச்சின் மூடி,
அந்தக் கதவுப்பிடி.
வீட்டுக்காரி துணியோடு ஓடி வந்தாள்.
"தொடாதேங்கோ. பத்து நிமிசம் ஈரமாய்க் கிடக்கட்டும்."
ஓடு சிதைய நேரம் வேண்டும்.
பூசின கையோடு துடைத்தால்
வாசம்தான் மிச்சம்.

படியில் குந்தியிருந்தோம், நானும் றிஸ்மினாவும்.
கரையோரத்தில் மாத்தறை ரயில் போவது கேட்டது.
சீனிச் சரத்தைச் சொன்னேன், வாசல், பிடி, எல்லாம்.
"அப்ப என்னட்ட ஒண்டு குறையுதா?"
சிரித்தாள். ஈரத்துக்குள்
ஒரு எறும்பு வந்து திரும்பிப் போனது.
கேட்ட கேள்விக்கு மன்னிப்பு
தொண்டைவரை வந்தது, சத்தியைப் போல.
விழுங்கினேன்.

வேறொன்றைச் சொன்னேன்:
"எனக்குச் சுகம்தான். எண்டாலும்
இன்னும் ரெண்டு கிழமைக்கு
என்னிலயிருந்து அது வெளியே போய்க்கொண்டிருக்கும்.
என்ர கையால சோறு வாங்கித் தின்னாதே."
"எனக்குத்தான் பிடிக்காதே?"
"வேற வகையும் இருக்கு" என்றேன்.
மணிக்கூட்டைப் பார்த்தாள்.
இன்னும் மூன்று நிமிடம்.