இரண்டடி பின்னால்

நெல்லித்தோப்பில் சைக்கிள் கடைக்கு மேலே
சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அறை.
மின்விசிறியை நிறுத்தினால்தான் பதிவு.
ஒரு பாட்டு முடிவதற்குள்
முந்தானை பிழிகிற ஈரம்.

மைக் ஒன்று, அதன் முன்னால் பாடகர்.
அவருக்குப் பின்னால் தரையில் சாக்பீஸ் கோடு.
ஒர்த்தான்ஸ் கோட்டின் மேல்,
தேவகிருபை அரையடி தள்ளி,
நான் இரண்டடி.
‘உன் குரல் முன்னால வந்து விழுதும்மா’ என்பார்
எதுவார் அண்ணன்.
குரலைக் குறைக்கச் சொன்னதில்லை,
ஆளைத்தான் தள்ளி நிறுத்துவார்.
அதில் ஒரு மரியாதை இருப்பதாக
இருபது வருஷம் நம்பினேன்.

அவர் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர்.
கப்பலில் வந்த இரும்புப் பெட்டியில்
கம்பளிச் சட்டைகளுக்கு நடுவே இசைத்தட்டுகள்.
அமெரிக்கக் கறுப்பர்கள் பாட்டு. சோல் என்றார்.
ஊசியை வைத்துவிட்டு விரலை உயர்த்தினார்:
‘முன்னால பாடுறவன விடு.
பின்னால நிக்கிற பொம்பளைங்களக் கேளு.’

கேட்டோம்.
அவன் கெஞ்சுகிறான்.
மூன்று பேர் ‘ம்ம்ம்’ என்கிறார்கள்.
அவன் சத்தியம் செய்கிறான்.
மறுபடியும் ‘ம்ம்ம்.’
பாஷை புரியவில்லை.
அந்த ‘ம்ம்ம்’ புரிந்தது.
பழைய பாக்கியோடு மறுபடி கடனுக்கு வருகிறவனை
கடைக்காரி நிமிர்ந்து பார்க்காமலே சொல்வது.

அட்டையைத் திருப்பினோம்.
டிரம்ஸ் அடித்தவன் பெயர் இருந்தது,
போட்டோ எடுத்தவன் பெயர் இருந்தது,
அச்சடித்த ஊர்கூட இருந்தது.
அண்ணன் எழுத்துக்கூட்டித் தேடிவிட்டு
உதட்டைப் பிதுக்கினார்.

மதியம் பொட்டலம் பிரித்துச் சாப்பிடும்போது
நாங்களே பெயர் வைத்தோம்.
கனத்த குரலுக்குக் காத்தாயி.
வைத்திக்குப்பத்தில் வஞ்சிரம் ஏலம் கேட்பவள்;
அவள் வாய் திறந்தால் தராசு தானே சரியாகும்.
உச்சியில் கீறும் குரலுக்கு ரோசலி.
ஒர்த்தான்ஸின் நாத்தனார்,
சண்டை நடப்பது ஒரு தெருவில், கேட்பது நாலு தெருவில்.
நடுவில் ஒருத்தி இருந்தாள்.
தேடினால்தான் கிடைப்பாள்,
அவள் நிறுத்தினால் மற்ற இருவரும் சரிந்துவிடுவார்கள்.
அவளுக்குப் பெயர் தோன்றவில்லை.
தேவகிருபை கைச் சாம்பாரை நக்கிக்கொண்டே
‘அது நானா இருந்துட்டுப் போறேன்’ என்றாள்.

அம்மன் பாட்டு, மாதா பாட்டு,
கட்சிப் பாட்டு, எதிர்க்கட்சிப் பாட்டு.
எல்லாவற்றுக்கும் அதே ‘ஆ’.
வவுச்சரில் ‘கோரஸ் லேடீஸ் 3’ என்று எழுதி
ஆளுக்கு நாற்பது ரூபாய்.
ஒர்த்தான்ஸ் மட்டும் பிரெஞ்சில் முழுப் பெயர் எழுதி
கையெழுத்துப் போடுவாள்,
கட்டத்துக்கு வெளியே வழியும்படி.

ஒரு மழை இரவு,
மாசிமகத்துக்கென்று ஒரு பாட்டு.
இரண்டாம் சரணத்தில் பாடகருக்கு மூச்சு முட்டிவிட்டது.
டேப் ஓடுகிறது. இன்னொரு டேப் வாங்கக் காசில்லை.
முடிய வேண்டிய இடத்தில் நான் முடிக்கவில்லை.
கூட நாலு மாத்திரை இழுத்தேன்,
இரண்டடி பின்னாலிருந்து.
அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்,
மூச்சு வாங்கினார், வந்து சேர்ந்துகொண்டார்.
அதையே வைத்துவிட்டார்கள்.
அந்த இடத்தில் உருகுகிறாரய்யா மனுஷன்
என்று சொல்கிறார்கள் இப்போதும்.

போன வாரம் கடலூர் பஸ்.
ஆரியாங்குப்பம் பாலத்தில் அந்தப் பாட்டு வந்தது.
நடத்துநர் எச்சில் தொட்டு டிக்கெட் கிழித்துக்கொண்டே
கூடவே முணுமுணுத்தார்.
பாடகர் பாடியதை அல்ல,
என் ‘ஆ’வை.
மூன்றாவது மாத்திரையில் விட்டுவிட்டார்.

வாய் சும்மா இருக்கவில்லை.
‘இன்னும் ஒண்ணு இழுக்கணும், தம்பி.’

‘எங்க எறங்கணும்?’

‘மஞ்சக்குப்பம்.’

‘முன்னால போம்மா. எடம் கெடக்குதுல்ல, முன்னால போ.’

ஸ்பீக்கர் பின்னால் இருந்தது.
நான் நகரவில்லை.