இரண்டு கை தைக்கும் நேரம்

ஸ்டான்லியில் முட்டியை மடக்கிப் பார்த்த பெண் டாக்டர்
"பதினோரு கிலோ குறைச்சுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றாள்.
பதினோரு கிலோ.
மாசாமாசம் வாங்கும் ரேஷன் அரிசியில்
பாதிக்குக் கொஞ்சம் மேல்.
அதை இறக்கி வைக்காமல்தான்
இத்தனை வருஷம் மிஷின் மிதித்திருக்கிறேன்.

எம்.சி. ரோட்டுக்குப் பின்சந்தில் கடை.
எதிரே கன்னியப்பன் பஜ்ஜிக் கடை.
நாலேகாலுக்கு முதல் வாழைக்காய் எண்ணெயில் விழும்.
முன்பெல்லாம் அந்தச் சத்தத்துக்குக்
காசை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன்.
பசிக்கிறதா என்று வயிற்றைக் கேட்டதே இல்லை.

இப்போது பசி
தண்டல்காரன் மாதிரி வருகிறது.
செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்று
நோட்டைப் பிரிக்கிறது.
"இன்னைக்கு இல்லப்பா" என்றால்
"அப்போ எப்போ?" என்கிறது.
ஏமாற்றிவிட்டுப் பின்பக்கமாகப் போனால்
ராத்திரி பதினொன்றரைக்கு வட்டியோடு வரும்.
முதல் வாரம் மதியச் சோற்றையே விட்டேன்.
அன்றைக்கு விளக்குப் போடாமல்
ஃப்ரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றபடியே
முந்தின நாள் வத்தக்குழம்பும் அரைச் சட்டிச் சோறும்.
யாரும் பார்க்கவில்லை.
எடை மிஷின் பார்த்தது.

அதனால் இப்போது கொடுத்துவிடுகிறேன், கொஞ்சம் கொஞ்சமாக.
மதியம் இரண்டு கரண்டி சோறு, மூன்று கரண்டி பொரியல்,
கிடைத்தால் கீரை, ஒரு முட்டை.
நாலு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல், உப்புப் போட்ட மோர்.
சுண்டலை ஒவ்வொன்றாக மெல்லுகிறேன்,
கொக்கி தைப்பது மாதிரி.

அதற்கப்புறமும் நிற்கும்.
நின்றதில்தான் ஒன்று தெரிந்தது:
பஜ்ஜி வாசனையில் வருகிற பசிக்கு ஆயுசு
இரண்டு கை தைக்கும் நேரம்.
முதல் கையில் வாயெல்லாம் தண்ணீர்.
இரண்டாவதில் கோபம்,
யார்மேல் என்று தெரியாத கோபம்;
நேற்று அந்தக் கோபத்தில் ரோஸ்லின் ஜாக்கெட்டுக்கு
இரண்டையும் இடக்கையாகவே வைத்துத் தைத்துவிட்டேன்.
பிரித்து முடித்து நிமிர்ந்தால்
வாசலில் யாரும் இல்லை.

நிஜத் தண்டல் டில்லிபாபு ஆறு மணிக்கு வந்தான்.
கையில் எண்ணெய் ஊறிய பேப்பர், நாலு மிளகாய் பஜ்ஜி.
"எடுத்துக்கோ வச்சலாக்கா, ஆறிப்போவுது."
"வேணாம்பா."
"இன்னாக்கா, ஒடம்பு சரியில்லியா?"
இந்தத் தெருவில் சாப்பிடாதவளுக்கு
நோய் இருக்கவேண்டும்.
வேறு காரணத்துக்குச் சாப்பிடாத வருஷங்களும் உண்டு,
அதையெல்லாம் யாரும் வெளியே சொல்வதில்லை.
பானையில் சோற்றை வைத்துக்கொண்டு பசித்திருப்பது
எனக்கே புதுசு.
கொஞ்சம் வெட்கமாகக்கூட இருக்கிறது.
ஒன்றை எடுத்துப் பாதியைப் பிட்டேன்.
சூடு இல்லை, காரம் இருந்தது.
அவன் இருநூறை எண்ணி முடிக்கும்வரை மென்றேன்.
மீதிப் பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு
நோட்டில் டிக் அடித்தான்.

ஏழு வாரம். மூன்று கிலோ எழுநூறு.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
இஞ்சு டேப்பை என்மேல் சுற்றிப் பார்த்தேன்.
பேட்டை முழுக்க அளவு குறித்த நோட்டில்
என் பெயர் இல்லை.
எழுதினேன்: வச்சலா, முப்பத்தொன்பதரை.
பச்சை ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டு
பக்கவாட்டில் அரை இஞ்சு உள்ளே தையல் ஓட்டினேன்.
போன தீபாவளிக்குப் பிரித்துவிட்ட தையலின் ஓட்டைகள்
வரிசையாக அங்கேயே இருந்தன.
அதன்மேலேயே ஊசி போனது.
உள்ளே மிஞ்சிய துணியைக் கத்தரிக்கவில்லை.

கன்னியப்பன் அடுப்பை அணைத்தான்.
வயிறு ஒருமுறை கூப்பிட்டது.
இரு, என்றேன்,
இன்னொரு பக்கம் பாக்கி இருக்கிறது.