பத்து நிமிடம் செல்லுபடியாகும்

கச்சனம் கடைத்தெருவில்
உரக்கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவே
என் இ-சேவை மையம்.
ஒரு கணினி, ஒரு பிரிண்டர்,
தூறல் போட்டாலே படுத்துக்கொள்ளும் இணையம்.
மேசை விளிம்பில்
கட்டைவிரல் அகலத்துக்குச் சிவப்பாய் எரியும்
ஒரு கண்ணாடிச் சில்லு.

ஐப்பசியில் அந்தச் சில்லு
யாரையும் நம்பாது.

தாளடி நடவு முடித்து வரும் கைகள்.
நாற்றுப் பறித்து, முடி அவிழ்த்து,
நாளெல்லாம் சேற்றைக் குத்திக் குத்தி
வரப்பு கரைந்த வயலாகிவிட்ட ரேகை.
வை என்பேன். வைப்பார்கள்.
துடைத்துவிட்டு வை.
தலைமுடியில் தேய்த்து எண்ணெயோடு வை.
இடது கை. நடுவிரல்.
பொருந்தவில்லை என்கும் திரை,
இவர் இவரில்லை என்பதை
நல்ல தமிழில், மரியாதையாக.

பவுனம்மாளுக்குப் பத்து விரலும் பொருந்தவில்லை.
"இந்த வெரலு நட்டதத்தான திங்கிறான் இவன்"
என்று கணினியைப் பார்த்துச் சொன்னாள்.

இன்னொரு வழி இருக்கிறது.
ஆறு இலக்க எண் ஒன்று செல்லுக்கு வரும்.
பதிந்திருந்த செல் அவளுடையதல்ல,
மகன் வீரபாலனுடையது.
அவன் ஜோகூரில் இருக்கிறான்,
கையுறை செய்யும் கம்பெனியில்.

அழுத்தினேன்.
பக்கத்துக் கடையில் வீசிய மாவு
கல்லில் விழுவதற்குள்
எண் கடல் தாண்டிவிட்டது.
(மேட்டூரில் திறந்த தண்ணீர்
எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர
இந்த வருஷம் பதினெட்டு நாள்.)

என் செல் அடித்தது.
"அக்கா, நாலு, ஒம்போது, சைபர்…"
"கொண்டா இங்க" என்று பிடுங்கிக்கொண்டாள்.
சாப்புட்டியா என்றாள்.
அங்க மழையா என்றாள்.
ஆடு ரெண்டு குட்டி போட்டதையும்
அதில் ஒன்று நிற்காததையும் சொன்னாள்.
திரையில் நேரம் இறங்கிக்கொண்டிருந்தது,
ஆறு நிமிடம், மூன்று,
அப்புறம் எண் செத்துவிட்டது.

"நானா கூப்புட்டா எடுக்க மாட்டான் ஷமீமா.
ஷிப்டும்பான். அப்பறம்பான்.
இதுக்குன்னா உடனே அடிக்கிறான் பாரு."

மறுபடி அனுப்பினேன்.

கார்த்திகையில் வருமானச் சான்று கேட்டு வந்தாள்.
மார்கழியில் நலவாரிய அட்டை.
தையில்
"என்னமோ புதுப்பிக்கணும்னு சொன்னாங்களாமே"
என்று வந்து நின்றாள்.
அப்படி யாரும் சொல்லவில்லை.
நான் தேடித் தேடி ஒன்றைக் கண்டுபிடித்தேன்,
வீட்டு முகவரியில் ஒரு புள்ளி விட்டிருந்தது.
முப்பது ரூபாயை எண்ணி வைத்தாள்.
வேண்டாம் என்றால் கோபம் வரும் அவளுக்கு.

சித்திரை.
நெல் போய், உளுந்தும் எடுத்தாயிற்று.
வயல் வெடித்துக் கிடக்க
கைகளில் தோல் திரும்பியிருந்தது.
வைத்தாள்.
ஒரே தரம். பச்சை.
பவுனம்மாள், கணவர் பெயர் சிங்காரம், வயது நாற்பத்தேழு.
இவர் இவர்தான் என்றது திரை.

"ஆச்சுக்கா" என்றேன்.
கையை எடுக்கவில்லை.
"அவனுக்கு நம்பர் போவாதா?"
"வேண்டியதில்ல. வெரலே போதும்."

விரலைத் திருப்பிப் பார்த்தாள்,
சபையில் காட்டிக் கொடுத்த பிள்ளையைப்
பார்ப்பதுபோல.
ஒன்றும் சொல்லாமல் படியிறங்கிப் போனாள்.

அடுத்த ஆளின் பட்டாவை
நான் பிரிண்டுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கையில்
திரும்பி வந்தாள்.
வெற்றிலைக் கடைப் பக்கம் போயிருக்க வேண்டும்.
கட்டைவிரல் முழுக்கச் சுண்ணாம்பு.

"இப்பப் பாரு புள்ள."

பார்த்தேன். பொருந்தவில்லை.
இங்கே மணி ஆறு.
அங்கே எட்டரை இருக்கும்.