பெயர் சொல்லக் கூடாத தீவு

பெருங்குடி, மூன்றாவது மாடி, மதிய ஷிஃப்ட்.
ஒரு தீவின் குடிநீர்ப் புகார்களைக்
கேட்டுப் பதிந்துகொள்வது என் வேலை.
பெயர் சொல்லக் கூடாது, ஒப்பந்தம்.
மத்தியதரைக் கடலில் இருக்கிறது என்றால்
வேலை போகாது என்று நினைக்கிறேன்.

சென்ட்ரலில் ஏறி உட்கார்ந்தால்
திருநின்றவூர் வருவதற்குள்
தீவு தீர்ந்துவிடும்.
ஆறு கிடையாது. ஏரி கிடையாது.
நாலு பரங்கிமலையை அடுக்கினால் அவர்கள் உச்சி.
மீதியெல்லாம் சுண்ணாம்புக்கல்,
விழுந்த மழையை மொத்தமும் குடித்துவிட்டு
ஒன்றும் தெரியாத மாதிரி
முகம் வைத்துக்கொள்ளும் கல்.

கோடையில் அங்கே மழையில்லை
என்று பயிற்சித் தாளில் படித்ததும்
மங்களூர் இர்ஃபான் சிரித்தான்.
ஜூனில் நனையாத ஊரும் ஓர் ஊரா?
நான் சிரிக்கவில்லை.
ஐப்பசி வரை வானம் பார்க்கிற ஊரில்
பிறந்தவள்.

காற்றுக்கெல்லாம் தனித்தனிப் பெயர் அவர்களிடம்.
தெற்கிலிருந்து வருவது
பாலைவனத்தைக் கொஞ்சம் கையோடு கொண்டுவரும்.
அன்றைக்கு எல்லா அழைப்பும் ஒன்றுதான்:
காரில் புழுதி, கொடித் துணியில் புழுதி,
கழுவத் தண்ணீர் வரவில்லை.
வடமேற்குக் காற்றில் படகு ஓடாது,
புகாரும் குறையும்.
நம்மிடமும் உண்டு, வாடை, கொண்டல், கோடை, தென்றல்.
காசிமேட்டில் இன்னும் சொல்கிறார்கள்.
இந்தக் கண்ணாடிக்குள்
எல்லாத் திசையும் இருபத்துநாலு டிகிரி.

அவர்கள் குடிப்பதும் கடலைத்தான்,
உப்பெடுத்த கடல்.
எங்களுக்கு நெம்மேலியிலிருந்து வருவதும் அதே.
'கரிக்கிறது' என்பதற்கு
ஆங்கிலத்தில் சரியாக ஒன்று அமையாமல்
உப்பு என்றே தட்டச்சு செய்கிறேன்.

திருமதி கார்மெனா
வாரம் மூன்று முறை அழைப்பவர்.
வீட்டுக்கு அடியில்
பாறை குடைந்த தொட்டி அவருக்கு.
மாடியில் பெய்வது அதில் இறங்கும்,
பெய்தால்.
அக்டோபர் பதினெட்டில் அவரிடம் புகார் இல்லை.
"கேட்கிறதா?" என்றார்.
தொட்டியின் வாயில்
போனைப் பிடித்திருக்க வேண்டும்.
ஐந்து மாதத்துக்குப் பிறகு வந்த தண்ணீர்
இருட்டுக்குள் விழுந்தது,
விழுந்துகொண்டே இருந்தது,
பிறகு
அடி தொட்டது.

நாற்பது நொடி.
என் திரைக் கடிகாரம் சிவப்பாகிவிட்டது.
"அங்கேயும் மழையா?"
எங்கிருந்து பேசுகிறோம் என்று சொல்லக் கூடாது.
அதுவும் ஒப்பந்தம்.
கொட்டிவாக்கம் பக்கம்
கொண்டல் கறுத்து ஏறிக்கொண்டிருந்தது.
"இன்னும் பத்து நிமிஷத்தில்" என்றேன்.

புகார் வகை என்ற கட்டத்தில்
கசிவு, அழுத்தக் குறைவு, நிறம், பில்.
கடைசியில் 'மற்றவை' அழுத்தினேன்.
அடுத்த அழைப்புக்கு முன்
அறைத்தோழி கோகிலவாணிக்கு ஒரு செய்தி:
லாரி இன்றைக்கும் வராது,
மாடிக் குழாய்க்கு நேர் கீழே
நீல டிரம்மை நகர்த்தி வை.