ஒரே ஆணி

எர்ணாவூர் போர்டு வீட்டின் மூன்றாம் மாடிச் சுவர்
இரண்டாவது ஆணியை ஏற்கவில்லை.
அடித்த இடமெல்லாம் பொலபொலவென்று மணல் கொட்டியது.
முதல் ஆணி எப்படியோ நின்றுவிட்டது.
அதில்தான் என் வடிவுடையம்மனும்
சகாயத்தின் மாதாவும்
ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து
பதினோரு வருஷமாகத் தோளிடித்துத் தொங்குகிறார்கள்.
சண்டை எதுவும் இதுவரை என் காதில் விழவில்லை.

கரி வரும்.
ஜன்னலைச் சாத்தினாலும் வரும்,
இடுக்கில் ஈரத்துணி திணித்தாலும் வரும்.
வெள்ளைச் சட்டையின் காலரில்,
ஆறவைத்த பாலின் ஆடையில்,
தூங்கும் பிள்ளையின் காது மடலில்.
காலையில் காபிக்கு முன்னால்
சகாயத்தின் கிழிந்த பனியனால்
முதலில் துடைப்பது சாமி முகம்.
சுலோகம் தெரியாது, ஜெபம் பாதிதான் வரும்.
"கொஞ்சம் இப்படித் திரும்பு" என்பேன்,
தலை பின்னும்போது மகளிடம் சொல்வதுபோல.
மற்றபடி ஒன்றும் கேட்பதில்லை.
ஒன்றிரண்டு கேட்டதுண்டு,
அதை இங்கே எழுதவில்லை.

சகாயம் கன்டெய்னர் ஓட்டுகிறார்.
துறைமுக வரிசையில் மாட்டினால்
இரண்டு நாள், சில சமயம் மூன்று.
மொட்டைமாடியில் ஏறினால் அவர் வண்டி தெரியும்,
நீலத் தலை, முகப்பில் எலுமிச்சம்பழம்.
கூப்பிடு தூரம்தான்.
இறங்கி வந்தால் இடம் போய்விடும்.
அதனால் ஹாரன்:
இரண்டு குட்டை, ஒரு நீளம்.
தெருவுக்கு அது இன்னொரு இரைச்சல்.
எனக்கு, இன்னும் ஒரு ஆழாக்கு அரிசி போடு.
நெத்திலி கிடைத்த நாளென்றால்
மாங்காய் போட்ட குழம்பைத் தூக்கில் ஊற்றி
மகள் சைக்கிளில் கொண்டுபோவாள்.
பள்ளிக்கூடத்தில் அவள் பெர்னதெத் வடிவு,
வீட்டில் வடிவு,
லாரி வரிசையில் "சோத்துப் பாப்பா".
திரும்பி வரும் தூக்கில்
ஒரு நாள் கடலைமிட்டாய் இருக்கும்,
ஒரு நாள் கழுவாத எச்சில் மட்டும்.
இரண்டுமே எனக்குச் சந்தோஷம்தான்,
ஆனால் கழுவாமல் அனுப்பியதற்குத் திட்டுவேன்.

ஐப்பசியில் எனக்கு டெங்கு.
ஸ்டான்லியில் ஆறு நாள்.
வீடு திரும்பினால்
குக்கர் வெயிட்டைக் காணோம்,
சொட்டுநீலம் கூடிப்போய்
பள்ளிச் சட்டை வானம் மாதிரி இருக்கிறது,
சாமி படங்கள் மட்டும் பளபளவென்று.
பக்கெட்டில் பாத்திரப் பொடி கலந்து
சட்டத்தோடு முக்கி எடுத்திருக்கிறார் மனுஷன்.
கண்ணாடிக்குள் தண்ணீர் இறங்கி
அம்மன் மூக்குத்தி கன்னம்வரை வழிந்துவிட்டது,
மாதாவின் இடது கண்ணே இல்லை.
திட்டத்தான் வாயைத் திறந்தேன்.
"அவங்க மொகம் கறுத்துப் போச்சுன்னா
நீ வரமாட்டியோன்னு பயமாகீது கோமளா,
டெய்லி கழுவினேன்" என்றார்,
சுவரைப் பார்த்துக்கொண்டு.
டெய்லியா என்று கேட்டேன்.
டெய்லி என்றார்.
அப்புறம் நான் சிரித்தேனா அழுதேனா,
வடிவு ஒரு மாதிரி சொல்கிறாள்,
அவர் ஒரு மாதிரி சொல்கிறார்.

அந்த ராத்திரி
கண்ணாடியைக் கழற்றி
நீலப் பேனாவால் கண் வரைந்தாள் மகள்.
கை கொஞ்சம் நழுவியிருக்க வேண்டும்.
ஒரு கண் எப்போதும்போல மேலே வானத்தை,
வரைந்த கண் பக்கவாட்டில்
அடுப்பைப் பார்க்கிறது.
பால் வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போகும்போது
"பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போகிறேன்.
நேற்றும் பொங்கி வழிந்தது.
அவளுக்கும் பழக நாளாகும் இல்லையா.

அடுப்பைத் துடைத்தேன்,
அதே கையோடு இரண்டு முகத்தையும்.
பனியனில் கரி நேற்றைவிடக் கொஞ்சம் அதிகம்.
மேம்பாலத்துப் பக்கம் ஒரு ஹாரன்,
குட்டையாக ஒன்று,
இன்னொன்று.
படி கையில் இருக்கிறது.
நீளத்துக்குக் காத்திருக்கிறேன்.